துணைக்கு வந்தவள்

துணைக்கு ஒரு ஆள் இல்லாமல் வார்டில் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று ஆஸ்பத்திரியில் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். மெக்கானிக்குக்குத் துணை என்று சொல்லிக்கொள்ள மகள் ஒருத்திதான். அந்த மகள் ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் காய்ச்சலும் இருமலுமாக எழுந்தாள்.

மெக்கானிக் ஒரு துணி ஃபேக்டரியில் தையல் மிஷின்களைப் பழுது பார்ப்பவள். நூல் அறுந்துகொண்டே இருந்தாலும் ஊசி உடைந்தாலும் ஏதாவது ஒரு வரிசையிலிருந்து "மெக்கானிக்!" என்று குரல் வரும். அவள் ஸ்க்ரூடிரைவர் பையோடு போய் மேஜைக்கு அடியில் குனிந்துவிடுவாள். ஆணாக வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு அந்தப் பேர்தான். பாதி வயது கடந்த பிறகு, தான் ஒரு திருநங்கை என்று எல்லோரிடமும் சொல்லி, காதில் கம்மலும் தோளைத் தொடும் முடியுமாக வேலைக்கு வந்தபோதும் அந்தப் பேரே நிலைத்தது. பேரை மாற்றிக் கூப்பிடும் கஷ்டம் நமக்கு இல்லை என்று தையல் வரிசைப் பெண்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரித்தார்கள். கொஞ்ச நாள் முகத்தைத் திருப்பிக்கொண்ட கட்டிங் மாஸ்டர்கூட, மிஷின் மக்கர் பண்ணியதும் வழிக்கு வந்துவிட்டார்.

உடம்பையும் பெண்ணாக மாற்றும் அந்த ஆபரேஷனுக்காக அவள் வருஷக்கணக்கில் காத்திருந்தாள். மனநல டாக்டர்களிடம் போனாள், ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டாள், சர்க்கரையைக் குறைத்தாள், சிகரெட்டை விட்டாள். ஆபரேஷனுக்காகச் சில வாரங்களாக மாத்திரையையும் நிறுத்தியிருந்ததால் உடம்பு திடீர் திடீரென்று கொதித்தது. ஒன்றுமில்லாத விஷயத்துக்கெல்லாம் அழுகை வந்தது. இந்த நிலையில் மகள் போன் பண்ணினாள். காய்ச்சல்காரர்களைப் புண் ஆறாத நோயாளிகள் இருக்கும் வார்டுக்குள் விட மாட்டார்களாம்.

"தள்ளிப் போட்டுக்கலாம்மா. நீ படு" என்றாள் மெக்கானிக்.

"எப்பப்பா அடுத்த தேதி குடுப்பாங்க?"

அது யாருக்கும் தெரியாது. அந்த ஆபரேஷனைச் செய்யும் டாக்டர் ஒருவர்தான் இருந்தார். மெக்கானிக் எதையோ சொல்லிச் சமாளித்துவிட்டுப் போனை வைத்தாள்.

மகள் அவளுடைய அம்மாவோடு இருந்தாள். அந்த அம்மா இன்னொரு துணி ஃபேக்டரியில் சூப்பர்வைசர். மெக்கானிக்கும் சூப்பர்வைசரும் புருஷன் பெண்டாட்டியாக ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். ஒருநாள் மெக்கானிக் தன்னைப் பற்றிய உண்மையைச் சொன்னாள். சூப்பர்வைசர் கேட்டுவிட்டு, அந்த மாதமே மகளைக் கூட்டிக்கொண்டு தனி வீடு பார்த்துப் போய்விட்டாள். சண்டை நடக்கவில்லை. சண்டை நடந்திருந்தால் தேவலை என்று மெக்கானிக் பலமுறை நினைத்ததுண்டு. நான்கு வருஷமாக இருவருக்கும் நடுவே போக்குவரத்து மகள் வழியாகத்தான்.

சோபாவில் போர்த்திப் படுத்திருந்த மகள் போனில் பேசியதெல்லாம் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவுக்குக் கேட்டது. அம்மா மீதித் துணியையும் மடித்து அடுக்கி வைத்துவிட்டு வந்து, மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"எத்தனை மணிக்குள்ள போய்ச் சேரணுமாம்?" என்று கேட்டாள்.

காய்ச்சலில் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று மகளுக்குச் சந்தேகம் வந்தது.

*

மெக்கானிக் வார்டில் தன் பையைத் திரும்பவும் கட்டிக்கொண்டிருந்தாள். நர்ஸிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று முடிவு பண்ணியிருந்தாள். கதவைத் திறந்துகொண்டு சூப்பர்வைசர் உள்ளே வந்தாள். ஒரு கையில் பை, இன்னொரு அக்குளில் வீட்டுத் தலையணை.

மெக்கானிக் எழுந்து நின்றுவிட்டாள்.

"ஆஸ்பத்திரித் தலையணை எனக்கு ஒத்துக்காது" என்றாள் சூப்பர்வைசர். நான்கு வருஷத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். பிறகு, "நிக்காதீங்க, உக்காருங்க" என்றாள்.

அவள் துணையாளுக்கான மெலிந்த கட்டிலில் தலையணையைப் போட்டாள். தண்ணீர் ஜாடியை மோந்து பார்த்தாள். ஜன்னல் கொக்கி சரியாக மாட்டுகிறதா என்று ஆட்டிப் பார்த்தாள். மெக்கானிக்கைப் பார்க்காமல் இருக்க அந்த அறையில் என்னென்ன வேலை உண்டோ அத்தனையும் செய்தாள். கம்மலை, முடியை, உடைக்குள் லேசாகத் தெரிந்த மார்பை அவள் ஓரக்கண்ணால் பார்த்ததை மெக்கானிக் கவனிக்காமல் இல்லை.

நர்ஸ் வந்தாள். நல்ல பருமனான, வேகமாக நடக்கும் பெண். ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே, "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று சூப்பர்வைசரிடம் கேட்டாள்.

சூப்பர்வைசர் வாயைத் திறந்து மூடினாள். மெக்கானிக் கூரையைப் பார்த்தாள்.

"நாத்தனார்" என்றாள் சூப்பர்வைசர்.

"நீங்க இவங்களுக்கா, இவங்க உங்களுக்கா?"

"இவங்க எனக்கு."

"அப்ப இவங்க அண்ணன்தான் உங்க வீட்டுக்காரரா? அவர் வரலையா?"

"அவரு இப்ப இல்ல" என்றாள் சூப்பர்வைசர்.

நர்ஸின் முகம் மாறிவிட்டது. அடடா என்று அவள் தோளைத் தொட்டு, அண்ணன் போன பிறகும் நாத்தனாரைக் கைவிடாமல் வந்து நிற்கிறீர்களே, இந்தக் காலத்தில் யார் செய்வார்கள் என்று மனதாரச் சொல்லிவிட்டுப் போனாள்.

கதவு மூடியது. 

"சிரிக்காதீங்க" என்றாள் சூப்பர்வைசர், ஜன்னல் பக்கம் திரும்பி நின்றபடியே.

"நான் சிரிக்கல."

"கட்டில் ஆடுது."

மெக்கானிக்கால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. வேறு எதைச் சொல்வது, உங்களுக்கு நான் யார் என்று எனக்கே தெரியாதபோது, என்று மட்டும் கேட்டாள். அதில் மெக்கானிக்கின் சிரிப்பு நின்றுபோனது.

சாயந்திரம் வயிற்றைச் சுத்தப்படுத்த ஒரு மருந்தைக் கலக்கிக் கொடுத்தார்கள். மெக்கானிக் கட்டிலுக்கும் கழிவறைக்குமாக அலைந்தாள். ஒவ்வொரு தடவை வெளியே வரும்போதும் சூப்பர்வைசர் ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினாள். கடைசியில் மெக்கானிக் தளர்ந்து படுத்துக்கொண்டு, நீ வருவாய் என்று கனவிலும் நினைக்கவில்லை என்றாள்.

சூப்பர்வைசர் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"நீங்க செத்திருந்தா நாலு பேர் வந்து என் கையைப் பிடிச்சு அழுதிருப்பாங்க. ஒரு வாரம் யாராவது சமைச்சுப் போட்டிருப்பாங்க. எனக்கு ஒண்ணுமே நடக்கல. காலைல எழுந்து வேலைக்குப் போனேன். புருஷன் போயிட்டான்னு அழக்கூட முடியல, ஏன்னா நீங்க அங்க இன்னொரு ஃபேக்டரியில உயிரோட மிஷின் ரிப்பேர் பண்ணிக்கிட்டு இருக்கீங்க. அந்த நர்ஸ்தான் முதல் ஆளு, எனக்கு அடடான்னு சொன்னது."

மெக்கானிக் எழுந்து உட்கார்ந்தாள். உன்னை ஏமாற்ற நினைக்கவில்லை, கல்யாணமானால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன், அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள் என்றாள். தெரியும் என்றாள் சூப்பர்வைசர். தெரிந்ததனால் வலி குறையவில்லை என்றும் சொன்னாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டுத் தன் தலையணையில் படுத்துக்கொண்டாள்.

*

காலையில் டாக்டர் வந்தார். உயரமான பெண்மணி, குரல் அவ்வளவு மெல்லியதாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மெக்கானிக்கைத் தள்ளுவண்டியில் கொண்டுபோன பிறகு, சூப்பர்வைசர் அவரைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, உள்ளே என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாள். பூசி மெழுகாமல் சொல்லுங்கள், நான் தையல் வேலை பார்ப்பவள், எனக்குப் புரியும் என்றாள்.

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு நேராகவே சொன்னார். எதை எடுப்போம், எதை எடுக்க மாட்டோம், தோலை எப்படி உள்பக்கமாகத் திருப்புவோம், உணர்ச்சி நரம்பை எப்படிக் காப்பாற்றுவோம், சிறுநீர்ப் பாதையை எங்கே கொண்டு வந்து வைப்போம் என்று கையால் காட்டினார்.

"பாக்கெட் தைக்கிற மாதிரியா?" என்று கேட்டாள் சூப்பர்வைசர்.

"கிட்டத்தட்ட. ஆனா இந்தத் துணிக்கு வலிக்கும்" என்றார் டாக்டர்.

அவள் தாழ்வார பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளுக்கு எதிரே ஒரு கிழவர் மனைவியின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாருக்காக வந்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்டபோது நாத்தனாருக்கு என்று இந்தத் தடவை தடங்கலில்லாமல் சொன்னாள். என்ன ஆபரேஷன் என்று கேட்டார். பிறவியிலிருந்தே ஒரு கோளாறு, இப்போதுதான் சரி பண்ணுகிறார்கள் என்றாள். சொன்ன பிறகு, தான் பொய் சொன்னோமா உண்மை சொன்னோமா என்று அவளே யோசித்தாள்.

காத்திருக்கும்போது ஞாபகங்களுக்கு வேலை வந்துவிடுகிறது. கல்யாணமான புதிதிலிருந்து அவளுக்கு ஒரு குறை. மெக்கானிக் குளிக்கப் போனால் குளியலறை விளக்கு எரியாது. பல்பு போய்விட்டதா என்று கேட்டால், இல்லை, வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று பதில் வரும். பகலெல்லாம் ட்யூப்லைட்டுக்கு அடியில் ஊசிமுனையைப் பார்க்கிற ஆளுக்கு என்ன கூச்சம் என்று அவள் கேலி செய்திருக்கிறாள். கரண்ட் மிச்சம் பிடிக்கிற கஞ்சன் என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். இப்போது அந்தப் பெஞ்சில் அது புரிந்தது. ஒரு ஆள் தன் உடம்பைத் தானே பார்க்காமல் இத்தனை வருஷம் இருட்டில் சோப்புப் போட்டுக் குளித்திருக்கிறாள். ஒரே வீட்டில் இருந்தும் அது தன் கண்ணில் படவில்லை. படாமல் இருக்க மெக்கானிக் எவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டும்.

எதிரே இருந்த கிழவரின் மனைவி முதலில் வெளியே வந்தார். கிழவர் செருப்போடு வண்டிக்குப் பின்னால் ஓடினார். பெஞ்சு காலியானது. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி, தாழ்வாரத்தை இரண்டு தடவை துடைத்து முடித்த பிறகுதான் டாக்டர் வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். சூப்பர்வைசர் எழுந்து அவருக்கு நன்றி சொன்னாள்.

மயக்கம் தெளிந்ததும் மெக்கானிக்குக்கு நாக்கு புரளவில்லை.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"நெஜமாவா?"

"நெஜமா."

மெக்கானிக்கின் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது. வலிக்கிறதா என்று சூப்பர்வைசர் கேட்டாள். லாரி ஏறின மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு மெக்கானிக் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அந்த முகத்தில் சூப்பர்வைசர் பார்த்ததே இல்லை. கல்யாண போட்டோவில் இல்லை, மகள் பிறந்தபோதும் இல்லை. அவளுக்கு ஒரு பக்கம் பொறாமையாக இருந்தது. துண்டின் நுனியால் அந்தக் காதைத் துடைத்துவிட்டாள்.

*

மறுநாள் மதியம் வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. உள்ளே பஞ்சுக் கட்டு, வெளியே இறுக்கமான கட்டு, பக்கத்தில் ரத்தநீர் வடியும் குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய். மெக்கானிக் அசையக் கூடாது. மகள் போனில் இருமிக்கொண்டே ஏதோ ஜோக் சொன்னாள். சிரிக்க வைக்காதே, தையல் பிரிந்துவிடும் என்று அம்மா அதட்டினாள்.

சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பியபோது மெக்கானிக்கின் உதடு வெளுத்திருப்பதைச் சூப்பர்வைசர் பார்த்தாள். தூக்கமா என்று கேட்டாள். ஏதோ குளிர்கிறது என்று மெக்கானிக் முணுமுணுத்தாள். போர்வையை இழுத்துவிடப் போன கை ஈரத்தில் பட்டது. போர்வையை விலக்கினாள். கட்டு முழுக்க நனைந்து, விரிப்பில் சிவப்பு பரவிக்கொண்டிருந்தது.

அழைப்பு மணியை அழுத்தினாள். அது போதாதென்று கதவைத் திறந்து தாழ்வாரம் அதிர, "ரத்தம்!" என்று கத்தினாள். ஃபேக்டரி இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய குரல் அது. நர்ஸ் ஓடிவந்தாள். ஒரு பார்வையிலேயே டாக்டரை அழைக்கச் சொல்லிவிட்டு, கையுறை மாட்டிக் கட்டின் மேல் அழுத்தினாள். இன்னொரு நர்ஸ் மெக்கானிக்கின் கையில் ஊசி குத்தி ரத்தம் ஏற்ற வழி பண்ணினாள்.

மெக்கானிக்கின் கண் செருகியது.

சூப்பர்வைசர் குனிந்து அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"ஏய், கண்ணை மூடாதே. என்னைப் பாரு. பாருடி. இவ்வளவு தூரம் வந்துட்டு இப்ப எங்க போறே நீ? பாருன்னு சொல்றேன்ல?"

அவள் புருஷனை ஒருநாளும் நீ என்று சொன்னவள் இல்லை. கோபத்திலும் நீங்கள்தான். மெக்கானிக் எங்கோ தூரத்திலிருந்து அதைக் கேட்டாள். கேட்டு, கண்ணைத் திறந்தாள். வண்டி ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்வரை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே ஒரு சின்ன ரத்தக்குழாய் கசிந்திருக்கிறது. டாக்டர் அதைக் கட்டி நிறுத்தினார். இந்த ஆபரேஷனில் இப்படி ஆவது உண்டு, சீக்கிரம் பார்த்ததால் பெரிதாகவில்லை என்று வெளியே வந்து சொன்னார். சூப்பர்வைசர் தலையாட்டினாள். அதன்பிறகு கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, நான்கு வருஷமாக அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். வெளியே வரும்போது முகம் கழுவியிருந்தாள். ஒன்றும் நடக்காததுபோல மகளுக்குப் போன் பண்ணி, வேளாவேளைக்கு மருந்து சாப்பிட்டாயா என்று விசாரித்தாள்.

இரண்டு நாள் கழித்து மெக்கானிக்குக்கு முகத்தில் நிறம் திரும்பியது. சூப்பர்வைசர் ஸ்பூனில் சூப் ஊட்டிக்கொண்டிருந்தாள். பாதிக் கிண்ணத்தில் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு சொல்லணும். நூல் சப்ளை பண்றவர் ஒருத்தர் எங்க ஃபேக்டரிக்கு வருவாரு. சம்சாரம் தவறிட்டாங்க. என்னைக் கட்டிக்கறேன்னு கேட்டு ரொம்ப நாளாச்சு."

"நல்லவரா?"

"ரொம்பப் பேசுவாரு. ஆனா நல்லவரு. நான்தான் பதில் சொல்லாம இழுத்துக்கிட்டே இருந்தேன்." அவள் விரிப்பின் சுருக்கத்தை நீவினாள். "என்னிக்காவது ஒருநாள் நீ பேன்ட்டு சட்டையோட வந்து கதவைத் தட்டுவேன்னு மனசோட ஒரு மூலையில வச்சிருந்தேன். பைத்தியக்காரத்தனம்னு தெரியும். புள்ள காய்ச்சல்னு படுத்தப்ப, போய் என் கண்ணாலயே பாத்துடலாம்னு தோணிச்சு. பாத்தாத்தான் அந்த மூலை காலியாகும்னு. உனக்கு ஒத்தாசை பண்ணணும்னு ஒண்ணும் நான் வரல."

"தெரியும்" என்றாள் மெக்கானிக்.

"தெரியுமா?"

"நீ ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பாத்தப்பவே தெரியும். மனசுக்குள்ள ஏதாவது முடிவு பண்ணும்போதெல்லாம் நீ எதையாவது புடிச்சு ஆட்டுவே."

சூப்பர்வைசர் சூப் ஆறிவிட்டது என்று சொல்லி ஸ்பூனை எடுத்தாள். பதில் சொல்லிவிடு, அவரைக் காக்க வைக்காதே என்றாள் மெக்கானிக். சொல்லிவிட்டு அடுத்த ஸ்பூனை வேண்டாம் என்று தள்ளினாள். தனக்கும் ஒரு மூலையில் ஏதோ இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

*

உள்கட்டை எடுக்கும் நாள் வந்தது. நீளமான துணிச்சுருளை நர்ஸ் மெதுவாக இழுக்க இழுக்க, அது முடிவே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. மந்திரவாதி வாயிலிருந்து துணி எடுக்கிற மாதிரி இருக்கிறதே என்று மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். பிறகு நர்ஸ் ஒரு கைக்கண்ணாடியைக் கொடுத்து, பார்க்கிறீர்களா என்று கேட்டாள். பயந்துவிட வேண்டாம், இப்போது எல்லாம் வீங்கித்தான் இருக்கும், முழுசாக ஆற மாதக்கணக்கில் ஆகும் என்று முன்கூட்டியே சொன்னாள்.

சூப்பர்வைசர் எழுந்து வெளியே போகப் பார்த்தாள். மெக்கானிக் அவளை நிறுத்தவில்லை. அவளாகவே கதவருகில் நின்றுவிட்டாள்.

மெக்கானிக் கண்ணாடியைப் பிடித்தாள். முதலில் கூரை தெரிந்தது, அப்புறம் தொடை. பிறகு தெரிந்தது. ஊதாவும் கறுப்புமாக வீங்கி, தையல் நூல்கள் துருத்திக்கொண்டு, அடிபட்ட இடம் மாதிரிதான் இருந்தது. அவள் கற்பனை செய்து வைத்திருந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் அவள் கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை. பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த இடத்தைப் பார்க்க அவளுக்கு இப்போது கூசவில்லை.

"அசிங்கமா இருக்கா?" என்று கதவுப் பக்கம் பார்த்துக் கேட்டாள். குரல் சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி வந்தது.

சூப்பர்வைசர் கட்டிலருகே வந்தாள். நர்ஸ் விளக்கைச் சரி பண்ணிக் கொடுத்தாள். சூப்பர்வைசர் தன் ஃபேக்டரியில் தினமும் எத்தனையோ சட்டைகளின் ஓரத்தையும் பட்டியையும் பிரித்துப் பார்த்துத் தள்ளுபவள். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு கோணல் தையல் வெளியே போனதில்லை. அவள் குனிந்து, நிதானமாக, மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்து இறங்கியது. அவள் வந்த காரியம் முடிந்துவிட்டது என்று மெக்கானிக் நினைத்தாள்.

"தையல் சுத்தமா இருக்கு. ரெண்டு பக்கமும் சரிசமமா வந்திருக்கு. வீக்கம் வத்தினா நல்லா இருக்கும்" என்றாள் சூப்பர்வைசர்.

நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் எப்போதோ புரிந்திருந்தது போலும். ஒன்றும் கேட்காமல், உள்வழி மூடிக்கொள்ளாமல் இருக்கத் தினமும் வைக்க வேண்டிய குச்சிகளைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். வழவழப்பான, அளவு அளவாக இருந்த அந்தக் குச்சிகளை நர்ஸ் வரிசையாக விரிப்பில் வைத்தபோது, சூப்பர்வைசருக்குத் திடீரென்று டீ ஞாபகம் வந்து கேன்டீனுக்குப் போய்விட்டாள்.

சிறுநீர்க் குழாயை எடுத்த பிறகு இன்னொரு பரீட்சை. தானாகச் சிறுநீர் போனால்தான் வீட்டுக்கு விடுவார்கள். மெக்கானிக் கழிவறையில் உட்கார்ந்தாள். வரவில்லை. சூப்பர்வைசர் கதவுக்கு வெளியே நின்றாள். குழாயைத் திறந்துவிடு, தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வரும், நம் மகளுக்கு அப்படித்தானே பழக்கினோம் என்றாள். மெக்கானிக் குழாயைத் திறந்தாள்.

"வந்துச்சா?"

"இல்ல."

"அவசரப்படாதே."

கொஞ்ச நேரம் தண்ணீர் மட்டும் ஓடியது.

"வருது" என்றாள் மெக்கானிக். உடனே, "ஐயோ, எல்லாப் பக்கமும் போகுது" என்றாள்.

வெளியே சத்தமில்லை. அவள் பயந்துபோய்க் கூப்பிட்டாள். பதிலுக்கு ஒரு மூச்சுத் திணறல் கேட்டது. சூப்பர்வைசர் சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

*

காய்ச்சல் விட்ட மகள் முகக்கவசம் மாட்டிக்கொண்டு வண்டியோடு வந்தாள். நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் மெத்தையில் மெக்கானிக்கை உட்கார வைத்து வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். சூப்பர்வைசர் வீடு வரை வந்தாள். படுக்கையைப் போட்டு, மருந்துகளை எட்டும் இடத்தில் வைத்துவிட்டுத் தன் தலையணையை எடுத்துக்கொண்டாள். இனி நான் கொஞ்ச நாள் வரமாட்டேன், போனும் பண்ண வேண்டாம், எனக்கு என் வேலை இருக்கிறது என்றாள். மெக்கானிக் சரி என்றாள்.

அதன் பிறகான மாதங்கள் சுலபமாக இல்லை. தினமும் வேளை தவறாமல் அந்தக் குச்சிகளோடு படுத்திருக்க வேண்டும். அலுப்பாக இருக்கும், எரியும். ஒரு ஓரத்தில் தையல் விட்டுப்போய் ஆற நாளானது. ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்ட பிறகு ஏன் அழுகிறோம் என்று தெரியாமல் சில சாயந்திரங்களில் அழுதாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லா அழு, அப்பா. டாக்டர் சொன்னாரில்ல, உடம்புக்கு இது பழகறதுக்கு நாளாகும்னு" என்றாள். மகளுக்கு அவள் இன்னும் அப்பாதான். வேறு எப்படியும் கூப்பிட வரவில்லை என்று மகள் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, நீ கூப்பிட்டால் எனக்கு எதுவும் வலிக்காது என்று மெக்கானிக் சொல்லிவிட்டாள்.

ஃபேக்டரிக்குத் திரும்பிய முதல் வாரம், மிஷினுக்கு அடியில் குந்த முடியாததால் தையல் வரிசைப் பெண்கள் ஒரு தாழ்வான ஸ்டூலுக்குப் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்ததா என்று ஒருத்தி காதோடு கேட்டாள். முடிந்தது என்றாள். அந்தப் பெண் சத்தமில்லாமல் அவள் கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டு மிஷினில் நூல் சுற்றிய பாபினை மாற்றப் போனாள்.

சூப்பர்வைசரும் நூல்காரரும் கல்யாணம் பண்ணிக்கொண்டதை மகள்தான் வந்து சொன்னாள். மெக்கானிக்கை அழைக்கவில்லை. அழைக்காதது சரி என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அன்றைக்குச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டாள்.

வெகு நாள் கழித்து, ஒரு லீவு நாளில், வாசலில் மணி அடித்தது. சூப்பர்வைசர் நின்றிருந்தாள். பின்னால் நூல்காரர், கையில் ஒரு பழப்பையோடு. இந்தப் பக்கம் ஒரு வேலை, அப்படியே எட்டிப் பார்க்கலாம் என்று வந்தோம் என்றாள். நூல்காரருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. முதலில் தரையைப் பார்த்தார், அப்புறம் காலண்டரைப் பார்த்தார். மெக்கானிக் டீ போட்டுக் கொடுத்ததும் வாய் திறந்தது. திறந்த வாய் மூடவில்லை. நூல் விலையிலிருந்து மழை வரை எல்லாவற்றையும் பேசினார். கிளம்பும்போது நேராக நின்று, "அன்னிக்கு ஆஸ்பத்திரியில என்ன நடந்துதுன்னு எல்லாம் சொன்னாங்க. நீங்க நல்லா இருக்கீங்கன்னு பாத்ததுல சந்தோஷம்" என்றார். அவர் அதை வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது. வண்டியைத் திருப்பி வைக்கிறேன் என்று கீழே இறங்கிப் போனார்.

சூப்பர்வைசர் போகவில்லை. சமையலறை வாசலில் சாய்ந்துகொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"என்னமா குறட்டை விடறாரு தெரியுமா. ரயில் போற மாதிரி. நான் என்னதான் பண்றது?"

"ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லு."

"சொன்னேன். ஒருக்களிச்சுக்கிட்டே விடறாரு."

மெக்கானிக் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சூப்பர்வைசர், மெதுவா, கேட்டுடப் போகுது என்று சொல்லிவிட்டுத் தானும் சிரித்தாள். அதிலிருந்து அவருடைய அக்காவைப் பற்றி ஆரம்பித்தாள். அந்த அக்கா எதற்கெடுத்தாலும் மூக்கை நுழைக்கிறாள், சேலைக்கு ஒரு கருத்து, சமையலுக்கு ஒரு கருத்து. மெக்கானிக் அடுப்பு மேடையில் சாய்ந்து, அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கீழே ஹார்ன் அடித்தது.

"கூப்பிடறாரு" என்றாள் மெக்கானிக்.

"அடிக்கட்டும். இன்னும் அரைக் கிளாஸ் டீ இருக்கா பாரு" என்று சொல்லி, சூப்பர்வைசர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.